போஸ்ட் கார்டுக்குக் கிடைத்த மரியாதை

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒரு சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் பூமுகம். அதற்கு மேலே, செங்குத்தான மர ஏணிப்படி ஏறினால் மந்திரசாலை. வண்ண மைக்காத் தகடுகள் பதித்த ஜன்னல்கள், இதமான அரையிருட்டு, மந்திரிகள் உட்காரும் ஆசனங்கள். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் பெரிய ரகசியங்களெல்லாம் இந்தச் சின்ன அறையில்தான் பேசப்பட்டன.

பேசியது என்ன என்பது உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். சரி. ஆனால் படிக்குக் கீழே ஒரு காவல்காரன் நின்றிருப்பான் இல்லையா? அவன் காதில் ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது. இருந்தாலும் யார் மேலே போனார், யார் கூடப் போனார், எத்தனை நாழிகை இருந்தார், அடுத்த நாளும் வந்தாரா என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எதிரி ராஜ்ஜியத்து ஒற்றனுக்கு மந்திரசாலைக்குள் நுழைய வழியே இல்லை. கீழே நிற்கும் காவல்காரனைப் பிடித்தால் போதும், பாதி விஷயம் கைக்கு வந்துவிடும்.

மார்த்தாண்ட வர்மாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. எட்டுவீட்டில் பிள்ளைமாரின் சதிகளுக்கு நடுவே உயிர் பிழைத்து வந்த மனிதர். சதிகாரர்கள் பேசியதை யாரும் கேட்க முடியாது. யார் யார் வீட்டுக்கு ராத்திரியில் போகிறார்கள் என்று பார்க்க முடியும்.

இந்தக் காவல்காரன் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறான். செல்போன் கம்பெனிக்காரர்கள் அவனை சி.டி.ஆர். என்கிறார்கள். கால் டீடெய்ல் ரெக்கார்ட். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது அதில் இருக்காது. எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை வினாடி, எந்த டவருக்குக் கீழே, எந்த செட்டிலிருந்து என்பது மட்டும் இருக்கும். தக்கலையில் பேச ஆரம்பித்து, பஸ் களியக்காவிளையைத் தாண்டும்போது இன்னொரு அழைப்பு வந்தால், இரண்டு மாநிலத்து டவர்களும் உங்களைக் குறித்துவைத்துக்கொள்ளும்.

இந்தக் குறிப்பேட்டை யார் கேட்டால் கம்பெனி கொடுக்கலாம்? யார் கேட்டால் கொடுக்கக்கூடாது? நம் கதை இதுதான். விசித்திரமான கதை. ஏனென்றால் நம் நாட்டில் நாம் பேசும் பேச்சுக்குப் பூட்டு உண்டு. போஸ்ட் கார்டுக்குக்கூடப் பூட்டு உண்டு. இந்தக் குறிப்பேட்டுக்குத்தான் சரியான பூட்டு இன்னும் வந்து சேரவில்லை.

*

திருவிதாங்கூரில் வெள்ளைக்காரன் தபாலுக்குத் தனியாக ஒரு போட்டி இருந்தது. 'அஞ்சல்' என்று பெயர். சமஸ்தானத்தின் சொந்தத் தபால் இலாகா. மணி கட்டிய கோலோடு அஞ்சல்காரர் ஓடி வருவார். 1888-லிருந்து சொந்தமாக ஸ்டாம்பும் அச்சடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-ல்தான் அது இந்தியத் தபால் துறையில் கரைந்தது. ஓடுகிற ஆளுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. யாருக்குப் போகிறது என்பது தெரியும். தெரிந்தால்தான் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

தபாலுக்கும் தந்திக்கும் போனுக்கும் பொதுவான சங்கடம் இது. மேல்விலாசத்தை மறைத்துக் கடிதம் போட முடியாது. நம்பரைச் சொல்லாமல் போன் போட முடியாது. நடுவில் இருப்பவனிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது. மூன்று வருடம் கழித்து, 1885-ல் இந்தியத் தந்திச் சட்டம். அதன் ஐந்தாவது பிரிவு பின்னாளில் ரொம்பப் பிரபலம். பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு என்றால் அரசாங்கம் செய்தியை இடைமறிக்கலாம் என்று சொன்ன பிரிவு. கவனியுங்கள், அது செய்தியைப் பற்றித்தான் பேசியது. யார் யாருக்குத் தந்தி அடித்தார்கள் என்ற பதிவேட்டைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் பெரிய கவலை இல்லை. அது ஆபீஸ் கணக்கு, அவ்வளவுதான்.

போனுக்கும் அப்படியே. ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். ஆபரேட்டர் ஒரு சீட்டில் இந்த நம்பர், அந்த நம்பர், இத்தனை நிமிஷம் என்று எழுதிவைப்பார். பில் போடுவதற்கு. உள்ளூர் அழைப்புக்கு அந்தச் சீட்டும் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் ஒரு மீட்டர் ஓடும். மாதக் கடைசியில் மொத்தமாக இத்தனை கால் என்று வரும். யாருக்குப் பேசினீர்கள் என்று டெலிபோன் இலாகாவுக்கே தெரியாது.

அப்போது என்ன செய்தோம்? சண்டை போட்டோம். 'நான் இத்தனை பேசவே இல்லை, எந்தெந்த நம்பருக்குப் பேசினேன் என்று லிஸ்ட் கொடு' என்று. நியாயமான சண்டைதான். எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்ததும் லிஸ்ட்டும் வந்தது. 1995-ல் செல்போன் வந்தபோது லிஸ்ட்டோடு இருப்பிடமும் சேர்ந்துகொண்டது. பில்லுக்காகப் பிறந்த பேரேடு, யாரும் திட்டமிடாமலே, நாட்டின் மிகப் பெரிய நடமாட்டக் குறிப்பேடாக வளர்ந்து நின்றது.

*

ஒட்டுக் கேட்பதைப் பற்றித்தான் அந்நாளில் எல்லோரும் அலறிக்கொண்டிருந்தார்கள். காரணம், மாட்டியவர்கள் அரசியல்வாதிகள். 1986-ல் தபாலைப் பிரித்துப் படிக்கும் அதிகாரத்தை விரிவாக்கி ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனாதிபதி ஜெயில்சிங் அதில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டார். கடைசியில் 2002-ல் மசோதா வாபஸ் ஆனது. 1988-ல் கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே, போன் ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் முதலமைச்சர் பதவியையே விட்டார். 1991-ல், அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக் கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை 'மெயின்ஸ்ட்ரீம்' பத்திரிகையில் வெளியானது. பி.யு.சி.எல். அமைப்பு அதை எடுத்துக்கொண்டு உச்சநீதிமன்றத்துக்குப் போனது.

1996 டிசம்பர் 18-ல் தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச். வீட்டிலோ ஆபீசிலோ ஒருவர் போனில் பேசுவது அவருடைய அந்தரங்கம், அது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் வரும் என்றது. உள்துறைச் செயலாளர் உத்தரவு போட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது, ஒரு கமிட்டி அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகளையும் சொன்னது. பின்னர் 2007-ல் விதியாகவும் வந்தது. 2024 டிசம்பரில் புதிய விதிகள் அதன் இடத்தைப் பிடித்தன. அடிப்படை மாறவில்லை. நாகர்கோவிலில் இருக்கிற ஓர் ஆளின் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் சென்னைக் கோட்டையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ உத்தரவு வரவேண்டும்.

2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இந்தப் பூட்டை இன்னொரு சுற்று சுற்றியது. ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்பதற்காக ஒட்டுக் கேட்க முடியாது, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இருந்தாக வேண்டும் என்றார். சில நாட்கள் முன்புதான் டெல்லி உயர்நீதிமன்றம் இன்னொரு லஞ்ச வழக்கில் வேறு விதமாகச் சொல்லியிருந்தது. அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். நமக்கு வேண்டியது, பேச்சுக்குப் பூட்டு இருக்கிறது என்பது.

இப்போது குறிப்பேட்டுக்கு வருவோம்.

*

1973-ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91 என்று ஒரு பிரிவு. ஒரு வழக்கு விசாரணைக்குத் தேவையான ஆவணம் உங்களிடம் இருந்தால், கோர்ட் சம்மன் அனுப்பி வாங்கலாம். அல்லது போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவு போட்டு வாங்கலாம். ஆமாம், இன்ஸ்பெக்டரே போதும். அடகுக் கடை ரசீது, லாட்ஜ் ரிஜிஸ்டர், மளிகைக் கடைக் கணக்கு என்று எதையும் கேட்கலாம். செல்போன் கம்பெனிகளின் குறிப்பேட்டையும் போலீஸ் இந்தப் பிரிவைக் காட்டித்தான் வாங்கியது. 2024 ஜூலை 1-லிருந்து புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. நம்பர் 94 ஆகிவிட்டது. விஷயம் அதேதான்.

அடுத்த பிரிவைப் பாருங்கள். பழைய சட்டத்தில் 92, புதியதில் 95. தபால் இலாகாவின் கையில் இருக்கும் கடிதத்தை இன்ஸ்பெக்டர் கேட்டு வாங்க முடியாது. எஸ்.பி.கூட 'தேடி எடுத்துத் தனியாக வையுங்கள்' என்று சொல்லலாம், அவ்வளவுதான். வாங்க வேண்டுமென்றால் கலெக்டர் உத்தரவோ கோர்ட் உத்தரவோ வேண்டும். போஸ்ட் கார்டுக்கும் இதே மரியாதை!

போஸ்ட் கார்டை தபால்காரர் படிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கலாம். அப்படியொரு திறந்த புத்தகத்தை வாங்க போலீசுக்குக் கலெக்டர் கையெழுத்து வேண்டும். ஒரு மனிதன் வருடம் முழுக்க யாரோடெல்லாம் பேசினான், எங்கெல்லாம் போனான், எந்த ராத்திரி எந்த ஊரில் தூங்கினான் என்று சொல்லும் குறிப்பேட்டை வாங்க, சட்டப் புத்தகத்தின்படி, ஸ்டேஷன் அதிகாரியின் கையெழுத்து போதும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கடிதத்துக்கு எழுதிய பாதுகாப்பு அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறது. செல்போன் பிறந்தபோது யாரும் உட்கார்ந்து அதற்கென்று புதிதாக எழுதவில்லை.

*

எழுதாததன் விலையை முதலில் கொடுத்தவர்கள், வழக்கம்போல, பெரிய இடத்து ஆட்கள்.

2005-ல் சமாஜ்வாதி கட்சியின் அமர்சிங். அவருடைய போனை ஒட்டுக் கேட்கச் சொல்லி டெல்லி போலீஸ் பெயரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. பின்னாலேயே டெல்லி அரசின் உள்துறைப் பெயரில் உத்தரவும் வந்தது. கம்பெனி வேலையை ஆரம்பித்தது. இரண்டும் போலி என்பது பிறகு தெரிந்தது. 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்பு சொன்னபோது அமர்சிங் மனுவைத் தள்ளுபடி செய்தது. முன்னுக்குப் பின் முரணாக அவர் சொன்னதுதான் காரணம். ஆனால் கம்பெனியையும் விடவில்லை. கடிதத்தில் அத்தனை அப்பட்டமான பிழைகள் இருந்தும் சந்தேகப்படாமல் செயல்பட்டது எப்படி என்று கேட்டது. இப்படிப்பட்ட உத்தரவு வந்தால் அது உண்மைதானா என்று சரிபார்ப்பது கம்பெனியின் கடமை என்றும் சொன்னது.

2013-ல் அருண் ஜெட்லி. மாநிலங்களவையின் எதிர்க்கட்சித் தலைவர். அவருடைய அழைப்பு விவரங்களைக் கேட்டு செல்போன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அனுப்பிய முகவரி, டெல்லி போலீஸ் உதவி கமிஷனருடையது. அவருக்கோ அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அனுப்பியது ஒரு கான்ஸ்டபிள் என்றது விசாரணை. கான்ஸ்டபிளும் தனியார் துப்பறிவாளர்களும் கைதானார்கள்.

இது ஒட்டுக்கேட்பு கிடையாது என்பதைக் கவனியுங்கள். லிஸ்ட் மட்டும்தான் கேட்டார்கள். ஒரு வக்கீலும் அரசியல்வாதியுமான மனிதர் யாரோடு பேசுகிறார் என்ற லிஸ்ட்டுக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் நாடாளுமன்றத்துக்கு உறைத்தது.

அந்த வருடமே மத்திய உள்துறை வழிகாட்டுதல் போட்டது. எஸ்.பி. அந்தஸ்து அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் சி.டி.ஆர். கேட்கலாம். எத்தனை வாங்கினார் என்று மாதாமாதம் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் என்றால் நாகர்கோவில் எஸ்.பி. ஆபீஸ். தக்கலை ஸ்டேஷன் நேரடியாகக் கம்பெனிக்கு எழுத முடியாது, மேலே அனுப்பி வாங்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது ஆபீஸ் உத்தரவு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டப் பிரிவில் இன்னும் 'ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி' என்றுதான் இருக்கிறது. வாங்கும் துறையே தன் அதிகாரிக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. கணக்கு எழுதுகிறவரே ஆடிட்டராகவும் இருந்தால் எப்படி இருக்கும்?

*

கேட்பது ஒரு மாநில அரசாங்கமாகவே இருந்தால்? 2020 ஆகஸ்டில் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்தது. கொரோனா நோயாளிகள் யாரையெல்லாம் சந்தித்தார்கள் என்று கண்டுபிடிக்க அவர்களுடைய சி.டி.ஆர்.களை வாங்கும்படி போலீசுக்கு உத்தரவு. எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா உயர்நீதிமன்றம் போனார். நோயாளி என்ன, குற்றவாளியா? அங்கே அரசு இறங்கி வந்தது. யாரோடு பேசினார் என்ற விவரமெல்லாம் வேண்டாம், டவர் இருப்பிடம் மட்டும் போதும் என்றது. கோர்ட் அதை ஏற்று வழக்கை முடித்துவைத்தது. அதே வருடத் தொடக்கத்தில், கேரளம் உள்ளிட்ட சில வட்டாரங்களின் எல்லா வாடிக்கையாளர்களுடைய பதிவுகளையும் குறிப்பிட்ட நாட்களுக்கு மொத்தமாக மத்தியத் தொலைத்தொடர்புத் துறை கேட்பதாக செல்போன் கம்பெனிகளின் சங்கமே ஆட்சேபக் கடிதம் எழுதியிருந்தது. அழைப்பு துண்டிக்கப்படும் பிரச்னையை ஆராயத்தான் என்றது துறை.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது? 1979-ல் ஸ்மித் வழக்கில் அவர்களுடைய உச்சநீதிமன்றம், நீங்கள் சுழற்றும் நம்பரை நீங்களே விரும்பிக் கம்பெனியிடம் சொல்கிறீர்கள், அதில் அந்தரங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டது. அந்த ஒரு வரியின் நிழலில்தான் பல கோடிப் பேரின் அழைப்புப் பட்டியல்கள் அரசாங்கத்துக்குப் போயின. 2013-ல் எட்வர்ட் ஸ்நோடென் அதை உடைத்தார். 2018-ல் கார்பென்டர் வழக்கு. கடைகளில் நடந்த கொள்ளைகளுக்காக ஒரு மனிதரின் 127 நாள் நடமாட்டத்தை, 12,898 இடக் குறிப்புகளாக, கம்பெனியிடமிருந்து போலீஸ் வாங்கியிருந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: இருப்பிடப் பதிவை இப்படி வாங்க நீதிபதியின் வாரன்ட் வேண்டும். நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அந்த உரிமை சி.டி.ஆர். வரை நீண்டு, 'நீதிபதியைக் கேட்டுவிட்டு வாங்கு' என்று சொல்லும் சட்டம் மட்டும் இங்கே வரவில்லை.

*

ஜெட்லியும் அமர்சிங்கும் பெரிய மனிதர்கள். வக்கீல் இருக்கிறார், கோர்ட் இருக்கிறது. இந்தக் குறிப்பேட்டால் தினமும் அடிபடுகிறவர்கள் வேறு. சந்தேகப்படும் கணவனின் மனைவி. காதலித்த பெண். வேலையை விட்டுவிட்டு எதிர்க் கம்பெனியில் சேர்ந்த ஊழியர்.

2018-ல் மகாராஷ்டிரத்தின் தானே போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. தனியார் துப்பறிவாளர்கள், ஒரு போலீஸ்காரர். சி.டி.ஆர்.களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றார்கள் என்பது புகார். திருட்டு நடந்தது பூட்டை உடைத்து இல்லை, உத்தியோகபூர்வ வாசல் வழியாக. அமெரிக்காவில் 2006-ல் ஹ்யூலெட் பேக்கர்ட் கம்பெனிக்காகத் துப்பறிந்தவர்கள், டைரக்டர்கள் மற்றும் பத்திரிகையாளர்களின் பெயரைச் சொல்லி போன் கம்பெனிகளை ஏமாற்றியே லிஸ்ட்டுகளை வாங்கியிருந்தார்கள். அங்கே சில மாதங்களில் தனிச் சட்டமே வந்துவிட்டது.

இங்கே வர 2023 ஆனது. புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு, சி.டி.ஆரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆள்மாறாட்டம் செய்தோ வேறு வழியிலோ அனுமதியில்லாமல் அதை எடுத்தால், எடுக்க முயன்றால், மூன்று வருடம் வரை ஜெயில், அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. 138 வருடம் கழித்துக் குறிப்பேட்டின் பெயர் சட்டத்தில் ஏறியது. கொல்லைப்புறக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். வாசல் கதவு அப்படியேதான் இருக்கிறது.

இனி, குடும்பக் கோர்ட். பத்மநாபபுரத்தில் போடும் விவாகரத்து வழக்கானாலும் மேலே போனால் மதுரைக் கிளைக்குத்தான் வந்தாக வேண்டும். அந்த மதுரைக் கிளையில் 2024 அக்டோபரில் ஒரு தீர்ப்பு. தென் மாவட்டத்து விவாகரத்து வழக்கு ஒன்றில், கணவர் தன் மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து சாட்சியமாகக் கொண்டுவந்திருந்தார். மனைவி ஆட்சேபித்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மனைவி பக்கம் நின்றார். கல்யாணம் ஆகிவிட்டால் அந்தரங்கம் போய்விடாது, ஒருவரை ஒருவர் வேவு பார்த்துச் சேர்த்த ஆதாரத்தை ஏற்க முடியாது என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன், 2022-ல், கர்நாடக உயர்நீதிமன்றமும் இதைப்போல ஒன்று சொல்லியிருந்தது. மனைவியின் மேல் சந்தேகப்பட்ட கணவர், வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாவது மனிதரின் டவர் விவரங்களைக் கேட்டார். கிடையாது என்றது கோர்ட்.

ஆனால் 2025 ஜூலை 14-ல் உச்சநீதிமன்றம், கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில் ரகசியமாகப் பதிவுசெய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது பஞ்சாப் பக்கத்திலிருந்து வந்த வழக்கு. அழைப்பு லிஸ்ட்டைப் பற்றியது இல்லை. இருந்தாலும் மதுரைத் தீர்ப்பு ஏற்றிவைத்த விளக்கு கொஞ்சம் மங்கியிருக்கிறது. திருட்டுத்தனமாக எடுப்பது குற்றம், எடுத்ததைக் கோர்ட்டில் காட்டலாம் என்றால் நடுவில் மாட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு எது ஆறுதல்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இந்தக் குறிப்பேடு ஏழைக்கு சாட்சியாகவும் வரும். 2014-ல் ஒரு போதைப்பொருள் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர், என்னைப் பிடித்ததாகச் சொல்லும் இடத்தில் அந்த அதிகாரிகள் இருக்கவே இல்லை, அவர்களுடைய போன் இருப்பிடத்தைப் பாருங்கள் என்று கேட்டார். உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தகவல் கொடுத்தவர்களின் நம்பர் தெரியாமல் மறைத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் போன் பதிவுகள்தான் முதுகெலும்பு. அதே வழக்கில் குற்றவாளிகளோடு போனில் தொடர்பு இருந்தது என்று மாட்டிய டெல்லி விரிவுரையாளர் ஒருவரின் விடுதலையை 2005-ல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்ததும் உண்டு. பேசினார் என்பது தெரிகிறது. என்ன பேசினார் என்பது லிஸ்ட்டில் இல்லையே. சந்தேகம் வரலாம், தண்டனை கொடுக்க முடியாது.

*

ஆக, இன்றைய நிலவரம் என்ன?

உங்கள் சி.டி.ஆரை, உங்கள் பெயரில் இணைப்பு இருந்தால், நீங்கள் கேட்கலாம். கோர்ட் கேட்கலாம். வழக்கு விசாரணைக்காக போலீஸ் கேட்கலாம், எஸ்.பி. வழியாக, எழுத்தில். இவர்கள் தவிர உங்கள் முதலாளி, உங்கள் கணவர், உங்கள் மாமனார், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு 'பார்த்துத் தருகிறேன்' என்கிற துப்பறிவாளர், தெரிந்த ஏட்டு என்று யார் கேட்டாலும் கம்பெனி கொடுக்கக்கூடாது. கொடுத்தால் குற்றம், வாங்கினாலும் குற்றம்.

2021 டிசம்பர் முதல் கம்பெனிகள் இந்தப் பதிவை இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வருடம்தான். பொய் வழக்கில் மாட்டி, அன்றைக்கு நான் அந்த ஊரிலேயே இல்லை என்று நிரூபிக்க நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பதிவைப் பாதுகாத்துவைக்க உத்தரவிடும்படி கோர்ட்டை சீக்கிரமே கேட்டுவிட வேண்டும். நம் ஊர் வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் இரண்டு வருடம் தாராளமாக ஓடிவிடும்.

உங்கள் சி.டி.ஆரை போலீஸ் வாங்கினால் உங்களுக்கு யாராவது சொல்வார்களா என்று கேட்கிறீர்களா? மாட்டார்கள். வாங்கி, பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடிவைத்தாலும் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கலெக்டருக்குப் போகும் மாதாந்திரக் கணக்கும் ஆபீசுக்கும் ஆபீசுக்கும் நடுவில் நடப்பது.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் காரியமில்லை. சட்டத்தின் 95-வது பிரிவு இருக்கிறது. தபால் இலாகாவின் கையில் இருக்கும் கடிதத்துக்குக் கலெக்டர் அல்லது கோர்ட் என்று எழுதியிருக்கிற அதே வரியில், தொலைத்தொடர்புக் கம்பெனியின் கையில் இருக்கும் அழைப்புப் பதிவுக்கும் என்று சேர்த்தால் போதும். அவசரம் என்றால் முதலில் வாங்கிக்கொண்டு பிறகு கோர்ட்டுக்குக் கணக்குச் சொல்லலாம் என்று ஒரு விதிவிலக்கு. குழந்தையைக் கடத்தியவனைப் பிடிக்க அது தேவைதான்.

அதுவரைக்கும், ரொம்ப ரகசியமாக யாரோடாவது தொடர்பில் இருக்க வேண்டுமென்றால் ஒரு யோசனை. போஸ்ட் கார்டு போடுங்கள். ஊரே படிக்கும். ஆனால் அதை வாங்க இன்ஸ்பெக்டருக்குக் கலெக்டர் கையெழுத்து வேண்டும்.